ஹார்ப்சிகார்ட் என்றொரு பொத்தான்

சித்தப்பாவின் பழைய கீபோர்டில் அந்தப் பொத்தானை அழுத்தியபோதுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. பியானோ, ஆர்கன், புல்லாங்குழல் என்ற பெயர்களுக்கு நடுவே 'ஹார்ப்சிகார்ட்' என்று ஒன்று. அழுத்திவிட்டுக் கட்டையைத் தொட்டேன். கம்பியை நகத்தால் சுண்டிவிட்டது போலப் பளிச்சென்று ஒரு சத்தம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வீட்ல வீணை?" என்றார். அவ்வளவுதான், அதன் பிறகு வேறு பொத்தான் பக்கமே நான் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில், புக்கிட் காத்திலில் குடியிருந்தோம். சித்தப்பாவுக்குப் பகலில் ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறில் கல்யாணங்களுக்குக் கீபோர்டு. புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். அதை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான். அப்புறம் யார் கவனிப்பார்கள்? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முக்கியமான சுரத்துக்கு முன்னால் துளி நேரம் நிறுத்துவேன். பேப்பர் படிக்கும் அப்பா என்னவோ ஏதோ என்று தலையைத் தூக்குவார். உடனே அந்தச் சுரத்தைப் போடுவேன். இந்த வித்தையில் நான் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

தெங்கேராவில் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சீன ஆண்ட்டிக்கோ அதனால் தீராத தலைவலி. "எல்லாம் ஒரே சத்தம் லா! பெருசு சின்னது எங்கே?" என்பதை மலாயும் ஆங்கிலமும் கலந்து கத்துவார்.

அந்த வருடம் பியானோ தேர்வு. அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "பாஸானா பியானோ. இல்லேன்னா நிறுத்திட்டு கணக்கு டியூஷன்."

"அவ பாஸாயிருவாண்ணே. நம்ம கீபோர்டுல்ல!" என்றார் சித்தப்பா.

"அதான்டா பயமா இருக்கு."

தேர்வாளர் லண்டனிலிருந்து வந்திருந்த நரைத்த தாடிக்காரர். நான் வாசிக்க வேண்டியது ஏதோ ராஜா காலத்து நடன இசை. பயத்தில் ஆண்ட்டி சொன்னதெல்லாம் மறந்து, வீட்டுப் பழக்கத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துத் தொலைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ ஹார்ப்சிகார்ட் வாசிப்பாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டில் நான் எந்தப் பொத்தானை அழுத்துகிறேன் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? மாட்டிக்கொண்டேன்!

"இனிமே தொடமாட்டேன் சார்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, அப்படிச் செய்துவிடாதே!"

அதுவும் எனக்குக் கிண்டலாகத்தான் பட்டது. வீடு வரைக்கும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் அழுதுகொண்டே வந்தேன். சித்தப்பா மட்டும், "லண்டன்காரனுக்கே நம்ம கீபோர்டு தெரிஞ்சுபோச்சு!" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் முடிவு வந்தது. பாஸ்! டியூஷன் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "வாசிச்சுக் காட்டும்மா," என்பார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அப்படி ஒரு வாத்தியமே உலகத்தில் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. மரப்பெட்டிக்குள் கம்பிகள், கட்டையை அழுத்தினால் ஓர் இறகுக்காம்பு கம்பியைச் சுண்டும். எப்படி அடித்தாலும் சத்தம் கூடாது, குறையாது. காக்கவைத்துத்தான் அதைப் பேசவைக்க வேண்டும். பின்னாளில் நான் இசை படிக்கப் போன ஐரோப்பாவில் இதைப் பாடமாக நடத்தியபோது, வகுப்பில் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்று அதுதான் என் தொழில். மேடையில், என் பெயருக்குக் கீழே, அந்த வாத்தியத்தின் பெயர்.

அடுத்த மாதம் ஒரு ஹார்ப்சிகார்ட் கப்பலில் மலாக்காவுக்கு வருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சுருதி நிற்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கலைந்தால் மறுபடி சேர்க்கத் தெரியாதா எனக்கு? கச்சேரிக்குச் செலண்டாரில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மைக் கிடையாது. அதன் சத்தம் மெல்லியது, அதனால் மின்விசிறிகளையும் நிறுத்தச் சொல்லப்போகிறேன். அந்த வேக்காட்டில் பிள்ளைகள் உட்காருவார்களா? உட்காரவைத்துப் பார்க்கிறேன்.