விஜயதசமிக்குத் துப்பாக்கியோடு லண்டன் போனேன்

இங்கிலாந்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்கள் அதிகம் இருக்க மாட்டோம். இருக்கிற நாலைந்து பேருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். துப்பாக்கி இல்லாதவர்கள் என் முட்டாள்தனத்தைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, இப்போது இருப்பது பீட்டர்பரோ, வேலை பாலம் கட்டும் நிறுவனத்தில். பொழுதுபோக்கு, களிமண் தட்டுகளை எந்திரம் வானத்தில் வீச, அவற்றை ஷாட்கன் என்ற நீளத் துப்பாக்கியால் சுடுவது. துப்பாக்கி வைத்திருக்கப் போலீஸ் தரும் சான்றிதழ் வாங்க எட்டு மாதம் ஆனது. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, சுவரில் அடித்திருந்த இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

போன அக்டோபரில் மகள் யாழினிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. விஜயதசமி அன்று லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் உள்ள ஒரு கோயிலில் அவளுக்கு வித்யாரம்பம் செய்யப் பதிவு செய்திருந்தோம். இலங்கைத் தமிழர்கள் இதை ஏடு தொடக்குதல் என்பார்கள். அப்பா மடியில் பிள்ளை உட்கார, ஐயர் அதன் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். அப்பா மடி என்பதால் ஒரு மாதமாக வேட்டி கட்டி உட்கார்ந்து பழகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் துப்பாக்கி எங்கே வந்தது? முந்தின நாள் ஆயுத பூஜை. வீட்டில் லேப்டாப், கார் சாவி, மனைவி செல்வியின் தையல் மெஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஜம்மென்று இருந்தன. துப்பாக்கியை மட்டும் அப்படி வெளியே வைத்துவிட்டுத் தூங்க முடியாது, சட்டம் விடாது. பூட்டிய அலமாரிக் கதவுக்குப் பொட்டு வைத்தேன். ஆயுத பூஜையில் ஆயுதத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் பூஜை நடந்ததில் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் கோயிலுக்கு எடுத்துப் போய் ஐயர் கையால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, திரும்பும் வழியில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள மைதானத்தில் ஐம்பது தட்டு சுட்டுவிட்டு வரலாம் என்று திட்டம் போட்டேன்.

“வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க,” என்றாள் செல்வி. நான் கேட்கவில்லை.

காலை 7.10க்குக் கிளம்பினோம். எண்பது மைல். எம்25 சாலையில் வழக்கமான நெரிசலைத் தாண்டி 9.20க்குக் கோயில் வாசலில் நின்றோம். துப்பாக்கி உறைக்குள், உறை டிக்கிக்குள், தோட்டா தனிப் பெட்டியில். டோக்கன் எண் 53. பதினொன்றரைக்கு முன்னால் கூப்பிட மாட்டோம் என்றார்கள்.

வாசலில் மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எல்லோரும் சிவம் அண்ணை என்று கூப்பிட்டார்கள். அவருக்குப் பின்னால் சுவரில் ‘ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதியிருந்தது. விஜயதசமி அன்று அதைப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “தம்பி, உது உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாது. லைசன்ஸ் இருந்தாலும் ஏலாது.”

“பூஜைக்குத்தாண்ணே. ஒரு பொட்டு மட்டும்.”

“அம்பாள் கையிலயே எட்டு ஆயுதம் இருக்கு. அவவுக்கு அதுவே காணும், வேற வேண்டாம். நீங்கள் உங்கட சாமானை எங்கயாவது வச்சிட்டு வாங்கோ.”

எங்கே வைப்பது? கார் நிறுத்தம் என்பது பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் திறந்த மைதானம். அங்கே ஆளில்லாத காரில் துப்பாக்கியை விட்டு, யாராவது டிக்கியை உடைத்தால், ‘பத்திரமாக வைக்கத் தவறினாய்’ என்று என் சான்றிதழ் போகும். அதைவிட, அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. “நான் கார்ல உட்கார்றேன், நீங்க போங்க,” என்றாள் செல்வி. அதுவும் ஆகாது. சான்றிதழ் இல்லாதவரிடம் துப்பாக்கியை விட்டுப் போகக் கூடாது, கட்டின மனைவியாக இருந்தாலும். வீட்டு அலமாரிச் சாவிகூட அவள் கையில் படக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னபோது, “நம்ம வீட்டுலயே எனக்குத் தெரியாம ஒரு சாவியா?” என்று கேட்டவள் அவள்.

துப்பாக்கிக் கடைகளுக்கு போன் செய்தேன். உரிமம் பெற்ற கடைகள் பிறர் துப்பாக்கியைக் கூலிக்குப் பத்திரப்படுத்தித் தரும். முதல் கடை எடுக்கவே இல்லை. இரண்டாவது, எங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் என்றது. மூன்றாவது வாட்ஃபோர்ட் பக்கம், ஒன்பது மைல். பத்து மணிக்குத் திறப்போம், சான்றிதழோடு வா என்றார் ஒரு பெண். கிளம்பும் முன் பழக்கதோஷத்தில் ஒன்று செய்தேன். குழலுக்கு அடியில் மாட்டும் மரக் கைப்பிடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. வழியில் எங்காவது இறங்க நேர்ந்தால் ஒரு பாதுகாப்பு.

செல்வியையும் யாழினியையும் கோயிலில் விட்டுவிட்டு 9.50க்குக் கிளம்பி 10.25க்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தார். நான்கு தொப்பி போட்டுப் பார்த்து, முதலில் போட்டதையே வாங்கினார். பிறகு கடைக்காரப் பெண் என் சான்றிதழைப் பார்த்து, துப்பாக்கியில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார். எட்டு பவுண்டு. கைப்பிடியைக் கேட்டார். பையில் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அப்போது மணி 10.52.

திரும்பும் வழியில் ரோடு தோண்டியிருந்தார்கள். பள்ளி மைதானம் நிரம்பியிருந்தது. அரை மைல் தள்ளிக் காரை விட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 11.37க்கு வாசல்.

“ஓடுங்கோ தம்பி, ஐம்பத்துமூண்டு கூப்பிட்டாச்சு,” என்றார் சிவம் அண்ணை. ஆனால் கை என் கோட்டைத் தடவிவிட்டது. “என்ன உது?”

கைப்பிடி. மறந்தே போயிருந்தேன். மரம், நடுவில் இரும்பு. பொய் சொல்லத் தோன்றவில்லை, அது துப்பாக்கியின் பாகம் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதால சுட ஏலுமோ?”

“ஏலாது அண்ணே. தனியா இருந்தா ஒண்ணும் பண்ணாது.”

“அப்ப இது விறகு. எண்டாலும் உள்ளுக்கு விட ஏலாது. கேட்டுச் சொல்லுறன், நில்லுங்கோ.” கோயில் நிர்வாகி ஒருவரை அழைத்து வந்தார். இருவரும் யோசித்து, கடைசியில் செருப்பு வைக்கும் இடத்தில் அதை வாங்கிக்கொண்டு, 112 என்று ஒரு டோக்கன் கொடுத்தார்கள். நான்கு நிமிடம்.

உள்ளே போனபோது செல்வி எழுந்துகொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்துதான் யாழினி இறங்கினாள். ஐயர் தாம்பாளத்து அரிசியைக் கையால் தடவிச் சமப்படுத்திவிட்டு, அடுத்த பிள்ளையைப் பார்த்தார். ஐம்பத்துமூன்று முடிந்திருந்தது.

“ரெண்டு பேரை முன்னாடி விட்டுப் பார்த்தேங்க. அதுக்கு மேல ஐயர் ஒத்துக்கல,” என்றாள் செல்வி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பொட்டுக்கு ஆசைப்பட்டு என் பிள்ளையின் முதல் எழுத்தைப் பார்க்காமல் விட்டேன். அதை யார் மேலும் தூக்கிப் போட முடியாது. கோயில் மேலும் தப்பில்லை, கடை மேலும் தப்பில்லை.

யாழினி என் வேட்டியை இழுத்தாள். “அப்பா, நீங்க எழுதல.”

“எனக்குத் தெரியும்மா.”

“இல்ல. நீங்க உக்காரவே இல்ல.”

பிள்ளைகள் எழுதி மிச்சமிருந்த அரிசியை ஓரத்தில் ஒரு தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். அங்கே யாழினி என்னை உட்காரவைத்து, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். துப்பாக்கி விசையை அழுத்தும் விரல் அதுதான். அதை அரிசிக்குள் அழுத்தி ஒரு சுழி, ஒரு வளைவு, கீழே ஒரு கோடு இழுத்தாள். ‘அ’ என்று யாரும் படிக்க முடியாது. நான் படித்தேன்.

வெளியே வந்து 112ஐக் கொடுத்துச் செருப்போடு கைப்பிடியையும் வாங்கிக்கொண்டேன். “பிள்ளை எழுதிச்சுதோ?” என்று சிவம் அண்ணை கேட்டார். “ரெண்டு தரம் எழுதினா,” என்றேன். ரெய்னர்ஸ் லேனில் ஆளுக்கொரு மசால் தோசை, ஏழரை பவுண்டு, சாம்பார் சுமார். மூன்றரைக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனோம். அன்று ஒரு தட்டுகூடச் சுடவில்லை.

இதேபோல் வருகிறவர்களுக்கு: முடிந்தால் துப்பாக்கியை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், போகிற இடம் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளே போன் போடுங்கள். கோயில், ஹோட்டல், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு, சான்றிதழைக் காட்டி வாதாடிப் பயனில்லை. பத்திரப்படுத்தும் கடையில் முன்பதிவு செய்து, போய் வர இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அசல் சான்றிதழ் கையில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதி போலீஸின் உரிமப் பிரிவைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, கோட்டுப் பையைத் தடவிப் பாருங்கள்.

வித்யாரம்பப் படத்தைப் பார்ப்பவர்கள் அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். நான் வாய் திறக்கும் முன் யாழினி சொல்லிவிடுகிறாள்: “அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.” நான் மறுப்பதில்லை.