தாணு வாத்தியாரின் சாரல் பாடம்

தாணு வாத்தியாருக்கு நான் நான்கு மாதச் சம்பளம் கடன்பட்டிருந்தேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? இரண்டாம் வகுப்போடு படிப்பைத் தூக்கி எறிந்தவன் நான். ஒற்றை மாட்டுவண்டியில் தொடங்கி, தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஓடும் வண்டிகளில் பாதியை என் பேருக்கு ஆக்கியவன். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் கட்டினேன். ஆனால் வாத்தியார்களின் சம்பளத்துக்குச் சர்க்கார் கிராண்டு வர வேண்டும். முப்பத்தைந்தாம் வருஷம் வந்த இன்ஸ்பெக்டர், ஐந்தாம் வகுப்பின் இங்கிலீசைக் கேட்டு முகம் சுளித்தார். மறுவருஷம் கிராண்டு நின்றது.

மற்ற வாத்தியார்கள் போய்விட்டார்கள். தாணு போகவில்லை. வாசுதேவநல்லூர்க்காரர், உடம்பு விளக்குமாற்றுக் குச்சி, பிடிவாதம் மட்டும் எருமைக் கனம். மனைவி ஆவுடைத்தாய் முழுகாமல் இருந்தாள். செங்கோட்டையில் வேலை தயாராக இருந்தது. "இந்த வகுப்பு தேறாம நா எங்கனயும் போகமாட்டேன் அண்ணாச்சி" என்றார். அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்தவனும் நான்தான்.

இன்ஸ்பெக்டர்கள் எங்கள் பக்கம் வருவதென்றால் ஆடிச் சாரலில்தான் வருவார்கள். பள்ளியும் பார்க்கலாம், அருவியிலும் குளிக்கலாம். அதே சாரலில்தான் எங்கள் பிள்ளைகள் காணாமல் போகும். குற்றாலத்தில் எண்ணெய் விற்றால், குளிப்பவர்களின் துணிக்குக் காவல் இருந்தால், காலணா அரையணா கிடைக்கும். பெற்றவர்கள் விடுவார்களா?

"இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு மட்டும் வண்டியில அள்ளிட்டு வந்து உக்கார வச்சிருதேன். நாலு பாடத்தை உருப்போட வையும்வே" என்றேன்.

"போன வருசம் உருப்போட்டுத்தானே கவுந்தோம்? கேள்வி கொஞ்சம் மாறினா முழிக்குதுங்க. எனக்கு ஒரு வண்டி குடுங்க அண்ணாச்சி. பிள்ளைங்க எங்கன இருக்கோ, வகுப்பும் அங்கனதான்."

கொடுத்தேன். சீசனில் ஓடுகிற வண்டியைச் சும்மா கொடுக்க இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு மனசு வரும்?

ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். பேரருவிக்குப் போகும் பாதையில் நனைந்துகொண்டு நிற்கிறார். கையில் புத்தகம் இல்லை. பிள்ளைகள் தினமும் செய்கிற வேலையையே இங்கிலீசில் சொல்ல வைக்கிறார்.

"ஐ செல் ஆயில்" என்றான் நல்லகண்ணு. பிறகு பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு நின்ற சந்தனமாரியைக் காட்டி, "ஷி செல் ஆயில்" என்றான்.

"வாலை எங்கலே விட்ட? நீ செஞ்சா வால் வேண்டாம். அவ செஞ்சா பின்னால 'ஸ்' வால் ஒட்டணும். ஷி செல்ஸ்."

"அப்ப நா மனுசன், இவ குரங்கா வாத்தியாரே?"

"ஏலே, நேத்து ஒன் வாழப்பழத்தைப் பிடுங்கித் தின்னுச்சே, அதுக்கும் வாலை ஒட்டு. மங்கி ஈட்ஸ்!" என்றாள் சந்தனமாரி.

குளிக்க வரும் வக்கீல்மாரிடம் "வாட் டூ யூ டூ, சார்?" என்று கேட்க வேண்டும், அவர்கள் சொன்னதை வந்து வாத்தியாரிடம், வால் ஒட்டி, ஒப்பிக்க வேண்டும். சாரல் முழுக்க இதுதான். மனுஷன் இருமினார், காய்ச்சலில் கிடந்தார், எழுந்து மறுபடியும் வண்டி ஏறினார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று என் வண்டிகள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கின. அவர் புத்தகத்தை மூடிவிட்டார். வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று இங்கிலீசிலேயே கேட்டார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாணு சுவரோடு சுவராக நின்றார். இதுவும் கவிழ்ந்தால் பள்ளியை மூட வேண்டியதுதான். அவர் சம்பளமும் போனதுதான்.

சந்தனமாரி எழுந்தாள். "மை ஃபாதர் டிரைவ்ஸ் எ கார்ட். மை மதர் பவுண்ட்ஸ் பேடி." அப்பா வண்டி ஓட்டுவது, அம்மா நெல் குத்துவது, இரண்டுக்கும் வால் ஒட்டியிருந்தாள். அதோடு உட்கார்ந்தாளா? பழக்கம் விடவில்லை. "வாட் டூ யூ டூ, சார்?" என்று அவரையே கேட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஐ ஆஸ்க் கொஸ்டின்ஸ்" என்றார்.

மொத்த வகுப்பும் தாணுவின் பக்கம் திரும்பிக் கத்தியது: "ஹி ஆஸ்க்ஸ் கொஸ்டின்ஸ்!"

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஐப்பசியில் கிராண்டு வந்தது, பாக்கியோடு.

சம்பளப் பாக்கியைக் கொடுக்கத் தாணுவைக் கூப்பிட்டேன். ஆவுடைத்தாய்க்குப் பெண் பிறந்திருந்த நேரம்.

"வண்டி வாடகையைக் கழிக்கலையா அண்ணாச்சி?"

"என்னை என்னன்னுவே நினைச்சீரு? கையை நீட்டும்."

நீட்டினார். வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். கடைசி ரூபாய் விழும்வரை அவர் விரலை மடக்கவில்லை.