நைனாவின் இடுப்பில் கட்டிய மிதவை

நைனாவுக்குக் குடலிறக்கம் என்று அம்மாதான் சொன்னாள். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், மீன் கழுவிக்கொண்டே. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும், படகு தள்ளினால் வெளியே வந்துவிடும். விலங்கியல் படிக்கிற எனக்கு அது போதாதா? அன்றைக்கே செல்போனில் தேடிப் படித்துவிட்டு, ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். மகளோடு பேசுகிற விஷயமா அது? நைனா மறுநாளும் படகு தள்ளப் போனார்.

எங்கள் குப்பத்தில் படகு கரையேறும்போது அங்கே நிற்கிற ஆம்பளைகள் எல்லோரும் தோள் கொடுக்க வேண்டும். ஒதுங்கினால், "இன்னாபா, மாசமா கீறியா?" என்பார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து நைனா, வலையில் கட்டும் மிதவை ஒன்றைப் புடைப்பின்மேல் வைத்து, பழைய வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதன்மேல் லுங்கி உடுத்தியிருக்கிறார். எங்களுக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நைனாவுக்கு விடாமல் வாந்தி. அப்போதுதான் அம்மா அந்தக் கயிற்றைக் கண்டாள். அவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "உள்ள போவலடி. கல்லாட்டம் கீது."

ஆட்டோ பிடிக்க ஓடினேன். மாட்டிக்கொண்ட குடலுக்கு ரத்தம் போகாவிட்டால் அழுகிவிடும் என்று படித்திருந்தேன். ஆட்டோவில் அம்மா என் காதருகே சொன்னாள்: "நேத்து சாயங்காலமே மாட்டிக்கிச்சாம். இன்னும் இறுக்கிக் கட்டிக்கினாராம்."

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"காத்தாலதான் சார்," என்றார் நைனா. கூடவே வந்த படகுக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

"இப்பத்தான்னா மருந்து குடுத்துக் கையால மெதுவா தள்ளிப் பாக்கலாம். நேரமாயிருந்தா தள்ளக் கூடாது. கெட்டுப்போன குடல் உள்ள போனா உயிருக்கே ஆபத்து."

நைனா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை.

"இல்ல சார், நேத்து சாயங்காலத்திலேருந்து. படகு தள்ளினப்போ மாட்டிக்கிச்சு. மிதவைய வச்சுக் கட்டிக்கினாரு."

வாசலில் பேச்சு நின்றுபோனது. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தார். குடல் கருத்திருக்கிறதாம். வெந்நீர்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்களாம். நிறம் திரும்பாவிட்டால் அந்தப் பாகத்தை வெட்டியெடுக்க வேண்டுமாம். மீனின் வயிற்றைக் கிழித்ததுமே குடலின் நிறத்தைப் பார்த்து நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுகிறவள் அம்மா. அவளிடம் நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வெட்டியெடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

நிறம் திரும்பியது.

மறுநாள் நைனா கண்ணை மூடியபடியே கேட்டார், "அத்தினி பேர் முன்னால உன்ன யாரு வாய தொறக்கச் சொன்னது?"

"உள்ள தள்ளியிருந்தா செத்திருப்ப நைனா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "எத்தினி நாளைக்குப் படகு தள்ளக் கூடாதுன்னு நீயே போய் டாக்டராண்ட கேளு," என்றார். "எனக்குக் கூச்சமா கீது."