தொட்டிக்குப் போட்ட யூரியா

என் மனுசன் ராஜரத்தினத்துக்கு உலகத்தில் உள்ள எல்லா வருத்தத்துக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பசளை. நெடுங்கேணியில் வயல் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். பயிர் மஞ்சளித்தால் யூரியா, முற்றத்து எலுமிச்சை காய்க்காவிட்டாலும் யூரியா. தங்கமான மனுசன், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். கைதான் சும்மா இராது.

எங்கள் ஒரே மகள் தயாளினி சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது ஒரு மீன் தொட்டி வைத்தாள். சல்லிக் கல்லைக் கழுவிப் பரப்பி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாயும் பஞ்சும் பொருத்தி, ஒரு சிட்டிகை தீனையும் போட்டு, மீனே இல்லாத தொட்டியை வாரக்கணக்காக ஓடவிட்டாள். வெறுந் தண்ணீருக்கு எதற்கடி கரண்ட் என்று நான் சத்தம் போட்டேன்.

"தண்ணி பழக வேணும் அம்மா. பழகாத தண்ணியில விட்டால் மீன் தாங்காது" என்றாள்.

மீனின் கழிவைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தப் பஞ்சிலும் சல்லியிலும் குடியேற நாள் எடுக்குமாம். பிறகுதான் கப்பி மீன்களைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

அவளுக்கு மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி கிடைத்தது. ஒருநாளும் வீட்டைப் பிரிந்திராத பிள்ளை. பின்னேரமானால் வீடியோவில் வருவாள், அழுவாள், வீட்டுக்கு வரப்போகிறேன் என்பாள். போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தால் மட்டும் கொஞ்சம் அடங்குவாள். வந்துவிட்டால் கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடும். அது ஒரு வேலை மட்டுமல்ல, வெயிலிலும் சேற்றிலும் நாங்கள் இருவரும் அவளுக்காகக் கண்ட கனவு. அந்தக் கப்பிகள்தான் பிள்ளையை அங்கே பிடித்து வைத்திருந்தன என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

இந்த நேரத்தில் தொட்டிக்குள் இருந்த செடிகள் மஞ்சளித்தன. மனுசனுக்குப் பொறுக்குமா? நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மருமகனுக்குச் சோறு போடுகிற தாராளத்தோடு யூரியாவை அள்ளிப் போட்டிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அரைவாசிக்கு மேல் செத்துவிட்டன.

"இதென்ன வயலோ? உங்களுக்கு விசரோ?" என்று கத்தினேன். அவர் கதிரையில் இருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏச மனம் வரவில்லை. கரண்ட் இல்லை, தொட்டியைக் காட்ட ஏலாது என்று பிள்ளைக்குச் சொல்லுவோம், வவுனியாவுக்குப் போய் இதே நிறத்தில் மீன் வாங்கி விடுவோம் என்று யோசனை சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார்.

அன்று பின்னேரம் தானே போனை எடுத்து நடந்ததைச் சொன்னார். அவள் அழத் தொடங்கினாள். சரி, காலமை பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மீன் மிச்சம் என்று கேட்டாள். பிறகு கட்டளைகள் வந்தன: பாதித் தண்ணீரை அள்ளுங்கோ, வாளியில் வைத்த கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கோ, தீன் போடாதேங்கோ, பஞ்சைக் கழுவாதேங்கோ. மனுசன் மறுபேச்சில்லாமல் வாளியும் கையுமாக நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இதே கதைதான். தொட்டியைப் பார்ப்பதும் தகப்பனை விரட்டுவதுமாக இருந்ததில் அவளுக்கு அழ நேரமில்லை.

ஒருநாள், முழுத் தண்ணீரையும் வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பட்டோ என்று கேட்டார்.

"வேண்டாம் அப்பா. தண்ணி திரும்பப் பழகும். அதுக்குக் கொஞ்ச நாள் குடுங்கோ."

மனுசன் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீயும் உனக்குக் கொஞ்ச நாள் குடு பிள்ளை" என்றார்.

அவள் வீட்டுக்கு வரப்போகிறேன் என்ற கதையை அதன் பிறகு எடுக்கவேயில்லை.

இப்போது தொட்டி நிறையக் குஞ்சுகள். பிள்ளையாரைக் கும்பிடும்போது அந்தக் கப்பிகளுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். தப்பை மறைக்காத என் மனுசனுக்கும்தான், அதை அவரிடம் சொல்வதில்லை. யூரியாப் பையைப் பூட்டி, திறப்பை நானே வைத்திருக்கிறேன்.

போன கிழமை தயாளினி லீவில் வந்து நின்றாள். திரும்பிப் போகிற அன்று தொட்டிக்குத் தீன் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். அழுதது நாங்கள் இரண்டு பேரும்தான்.