ஆளில்லாத வாக்கியம்

நீதிமன்ற நகல் பிரிவில் இருபத்தேழு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவளுக்கு வீட்டில் சும்மா உட்கார ஒத்துவரவில்லை. கணவர் காலையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு மத்தியானம் அதையே அவளிடம் ஒப்பிப்பார். அதிலிருந்து தப்பிக்கத்தான், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கை வரலாற்றை அடித்துத் தர ஒப்புக்கொண்டாள். மூன்று மாத வேலை என்றார்கள். பதினான்கு மாதம் இழுத்தது.

மனிதர் பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பிறகு போலீஸ். வேட்டைக்குத் தடை வரும்வரை லீவு நாளெல்லாம் காடு. அவர் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று மான் தலைகள் இருந்தன. அவற்றின் கண்ணாடிக் கண்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

வேட்டையைச் சொல்வதென்றால் அவருக்குத் தனி ருசி. ஒரு சிறுத்தைக்குப் பின்னங்காலில் குண்டு பட்டுவிட்டது. ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் பின்னால் நடந்திருக்கிறார், சாப்பாடு தண்ணி இல்லாமல். "காயம்பட்டத அப்படியே விட்டுட்டு வர்றவன் வேட்டைக்காரனே இல்லம்மா. அது துடிச்சிக்கிட்டே கெடக்கும்ல" என்றார். அந்தச் சிறுத்தை மட்டும் பதினொரு பக்கம்.

போலீஸ் அத்தியாயத்துக்கு வந்ததும் மனிதரின் நாக்கு மாறிவிட்டது. சர்க்கார் கடிதாசி வாசிப்பதுபோலப் பேசினார். லாரி கிளீனர் ஒருவனை பேட்டரி திருட்டுக்காகப் பிடித்து வைத்திருந்தார்களாம். "விசாரணையிலிருந்த மேற்படி நபர் கழிவறையில் வழுக்கி..." என்று அவர் இழுப்பதற்குள், அவள் விரல்கள் 'விழுந்ததில் மரணம் சம்பவித்தது' என்று தாமாகவே அடித்து முடித்திருந்தன.

அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த வரியை அவள் முன்பே அடித்திருக்கிறாள். இதே கிளீனர், இதே பேட்டரி. விசாரணை அறிக்கையின் நகல் கேட்டு அவனுடைய அக்கா கவுண்டருக்கு வந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். "எப்படிச் செத்தான்னு இதுல போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "எல்லாம் போட்டிருக்கும்மா, யாரையாவது வச்சு படிச்சுக்கோங்க" என்று சொல்லி இவள் அனுப்பிவிட்டாள். இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

"சார், வழுக்கித்தான் விழுந்தானா?"

அவர் எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணு நாள் அடிச்சோம். மூணாவது நாள் நான் தனியா. தண்ணி கேட்டான். ஒத்துக்கிட்டா தர்றேன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டேன். அவன் திருடலன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அடிங்க, இத அப்படியே அடிங்க."

அடித்தாள். பதினான்கு மாதத்தில் அன்று ஒருநாள்தான் உருப்படியான வேலை செய்ததாகத் தோன்றியது.

மறுநாள் போனால், "அத எடுத்துடுங்கம்மா" என்றார். அடுத்த வாரம், "இல்ல, இருக்கட்டும். 'அடித்தோம்'னு வேணாம், 'அடிக்கப்பட்டான்'னு போடுங்க." அதற்கடுத்த வாரம், "'சற்றுக் கடுமையாக விசாரிக்கப்பட்டான்'னு மாத்துங்க." அவருடைய மகள் காபி டம்ளரை வைக்கிற சாக்கில் வந்து, "அப்பாவுக்கு பிரஷர் இருக்குக்கா, நீங்க ஏன் கிளறுறீங்க?" என்றாள். ஒரே பக்கத்தை ஆறு தடவை திருத்தியாயிற்று. செக்குமாடு சுற்றுவதுபோலச் சுற்றி, கடைசியில் கழிவறைக்கே வந்து சேர்ந்தது.

ஏழாவது தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வாக்கியத்துல ஆளே இல்லையே சார். யாரு அடிச்சா?"

"நீங்களே ஏதாவது நாசூக்கா எழுதிடுங்களேன்."

"நான் அங்க இல்ல. நீங்க இருந்தீங்க."

அவர் முகம் சிவந்தது. அந்த நகல் விஷயத்தை அவளே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். "அன்னிக்கு நீங்களுந்தான் இதே வரிய அடிச்சீங்க. அப்ப கேக்கலயே? இப்ப என்ன புதுசா?"

மூக்குக் கண்ணாடியைக் கூட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் வரும்போது நூறு பதில் தோன்றியது. ஒன்றும் அந்தக் கேள்விக்கு ஈடாகவில்லை.

மீதியை வேறு யாரோ அடித்துக் கொடுத்தார்கள். புத்தகம் வந்தது. வழவழ அட்டையில் பட்டாள உடுப்போடு இளம்வயதுப் படம். சிறுத்தை பதினொரு பக்கமும் அப்படியே இருந்தது. கிளீனரைப் பற்றி ஒரே ஒரு வரி: 'பணியில் சில கசப்பான நிகழ்வுகளும் உண்டு.'

பழைய அலுவலகத்துக்குப் போனாள். அந்த அறிக்கை கிடைத்தால் அக்காவின் விலாசம் கிடைக்கும், அவர் ஒத்துக்கொண்ட அன்று அடித்து, தன்னிடமிருக்கும் முதல் பிரதியைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாம் என்று கணக்கு. பதிவறைக்காரர் மரியாதையாக உட்கார வைத்து, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "அந்த வருஷத்துக் கட்டெல்லாம் அழிச்சாச்சு மேடம். நீங்க இருந்தப்பவே உத்தரவு வந்துச்சே" என்றார். வந்ததுதான். அந்த உத்தரவையும் அடித்தது அவள்தான்.

வீட்டில் கணவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உன்னப் பத்தியும் நன்றியுரையில போட்டிருக்காரே. 'பிழையின்றி அடித்துத் தந்த சகோதரி'ன்னு" என்றார், பெருமையாக.

செருப்பைக் கழற்றக்கூட இல்லை, போனை எடுத்தாள். மகள்தான் எடுத்தாள்.

"அடுத்த பதிப்புல நன்றியுரையில என்னப் பத்தி இருக்கிற வரிய எடுத்துடச் சொல்லும்மா."

"அடுத்த பதிப்பா? இதுவே கட்டுக் கட்டா மாடிப்படிக்குக் கீழ கெடக்குக்கா, வாங்க ஆளில்ல. அப்பாவும் இப்ப அதப் பத்திப் பேசறதே இல்ல" என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.