கவென்ட்ரியில் கழற்றி வைத்த ஷூ

என் வீட்டுக்காரர் காணாமல் போன அன்று காலையில் இன்சுலின் ஊசி போட்டிருந்தார். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதை மறைத்துவிட்டுச் சபையில் உங்கள் முன்னால் சாட்சி சொன்னால் அது சாட்சியாகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளி பக்கம். நான் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் கொத்தனார். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் பாதி அவர் கையால் கட்டியது. பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் மகன் டேனியல் பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த கையோடு சபையார் ஒருவர் வந்து, "கர்த்தரோட சித்தமுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். இவர் அன்றைக்கே, "இனிமே அந்தக் கோயில் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. நான் உபவாசம் இருந்தேன், அழுதேன், அவர் காதில் விழும்படி சத்தமாக ஜெபித்தேன். அதில் பாதி ஜெபம், பாதி குத்திக்காட்டல்.

மகள் எஸ்தர் இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். போன ஐப்பசியில் எங்களை அங்கே கூட்டிப்போனாள். பழைய ஊர்தான், ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் நடு ஊரே எரிந்துபோனதாம். பிறகு புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இவருக்கு அதைப் பார்த்துச் சலிக்கவே இல்லை. ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்துக்கொண்டு வருவார்.

ஒரு சனிக்கிழமை காலை, "நாளைக்காவது எங்களோட கோயிலுக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். "அந்தப் பேச்சு வேணாம்" என்றார். எனக்கு வாய் அடங்கவில்லை. "புள்ள போனது உங்களுக்கு மட்டுமா? நான் பெத்தவ இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். தட்டில் இரண்டு இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எஸ்தர் டியூட்டிக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே மார்க்கெட்டுக்கு நடந்தோம்.

அந்த மார்க்கெட் வட்டமான கட்டடம். சுற்றிலும் வாசல்கள், எல்லாம் ஒரே மாதிரி. "நீ போயிட்டு வா, நான் இங்கியே நிக்கிறேன்" என்றார். நான் தக்காளி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். வந்தது வேறு வாசல் என்று புரிய நேரமானது. சுற்றிச் சுற்றி வந்தேன். எந்த வாசலிலும் அவர் இல்லை. அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது. ஊசி போட்ட உடம்பு, வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை இறங்கி எங்காவது விழுந்தால் குடிகாரன் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்களே!

எஸ்தருக்குப் போன் செய்தேன். "அங்கயே நில்லும்மா, வரேன்" என்றாள். அவள் வரும்வரை சுவரோரம் நின்று ஜெபித்தேன். சத்தமாக அல்ல. "ஆண்டவரே, அவரைக் கோயிலுக்குக் கொண்டுவாரும் என்று இனி கேட்கவே மாட்டேன். அவர் எப்படி இருந்தாலும் சரி, ஆளை மட்டும் கொடும்." பதினோரு வருட ஜெபத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

எஸ்தர் ஓடி வந்தாள். மார்க்கெட் காவலாளியிடம் சொன்னோம், கடைகளில் கேட்டோம், தெருத்தெருவாகத் தேடினோம். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பெரிய பழைய தேவாலயத்தின் பக்கம் வந்தோம். குண்டு விழுந்ததில் கூரை போய், சுவரும் கோபுரமும் மட்டும் நிற்கிற இடம். மழை பெய்தால் உள்ளேதான் பெய்யும். ஜனங்கள் பூங்காவுக்குள் போவதுபோல் ஷூ காலோடு போய்வருகிறார்கள். அந்த வாசல் படி ஓரமாக ஒரு ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது.

"அம்மா, இந்த ஊர்ல யாரும் ஷூவ வெளிய கழட்டி வெக்க மாட்டாங்க" என்றாள் எஸ்தர். சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

உள்ளே ஒரு பெஞ்சில், அந்தக் குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. எஸ்தர் பையிலிருந்து ஜூஸை எடுத்து, "குடிங்கப்பா, பேசாதீங்க" என்று வாயில் வைத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் என்னைத்தான் திட்டினார்.

"எங்க போயிட்ட நீ? காணமேன்னு பாத்தேன். கோபுரம் தெரிஞ்சுது. தொலைஞ்சா நீ கோயிலுக்குத்தான போவ, அதான் இங்க வந்து தேடறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கூரையே இல்லாத எடத்துல ஏங்க ஷூவக் கழட்டினீங்க?" என்றேன்.

"கோயில் கோயில்தான" என்றார். பிறகு பக்கத்தில் தெரிந்த புதுத் தேவாலயத்தைக் காட்டினார். "இடிஞ்சத இடிச்சுத் தள்ளல பாரு. நல்லதுக்குத்தான் இடிஞ்சுதுன்னு சொல்லவும் இல்ல. அப்பிடியே வுட்டுட்டு, அதே மாதிரி கல்லெடுத்து ஒட்டினாப்பல புதுசு கட்டியிருக்கான். இப்பிடிக் கட்டலாம்னு எனக்குத் தோணவே இல்ல." டேனியல் போனபோது அழாத மனுஷன் அங்கே உட்கார்ந்து அழுதார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அவர் காலைத் தேய்த்துச் சூடாக்கினோம்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே அவர் கோயிலுக்கு வந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் கிளம்பும்போது, "இரு, சட்டை மாத்திக்கிறேன்" என்றார். இப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். பாட மாட்டார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் காதுபட ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, வீட்டில் ஒருவர் வரவில்லையே என்று அழுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவரை இழுக்காதீர்கள், குத்தாதீர்கள். ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள். நான் ஆளை மட்டும்தான் கேட்டேன். தேவன் அவரைக் கோயிலுக்குள் உட்கார வைத்துக் கொடுத்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் என் செருப்பை நான் தேடுவதில்லை. அவர் செருப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். இருக்கிறது. ஸ்தோத்திரம்.