தொண்ணூற்று மூன்றில் நின்ற முள்

மீன் காயவைத்து விற்கிற கருவாட்டு வாடியில் நிறுக்க வருபவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, தராசு காட்டுவது முழு உண்மை அல்ல என்பதுதான்: சாக்கைக் கழிக்க வேண்டும், மணலைக் கழிக்க வேண்டும், ஈரத்தைக் கழிக்க வேண்டும். மாம்புரியில் முப்பத்தொரு வருடமாக நான் இதைச் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கழித்தலில் பிழை விட்டதில்லை.

என் மகள் ரிஸ்னாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. என் மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; அவளுடையதை எடுக்க முடியாது. என்னுடையது பொருந்தியது. ஆனால் நான் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. தொண்ணூற்றுக்குக் கீழே வந்தால்தான் எடுப்போம் என்று கொழும்பில் சொன்னார்கள். பட்டினி கிடந்தும் நடந்தும் குறையவில்லை. கடைசியில் என் இரைப்பையில் பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஐந்து மாதத்தில் இருபத்தைந்து கிலோ போனது. பிறகு முள் நின்றுவிட்டது. வயிற்றை வெட்டிக்கொண்டு, வாரா வாரம் தராசில் ஏறி, அதே இலக்கத்தைப் பார்த்து இறங்குகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம்.

சஹனில் ஆறாவது ஆள்

தில்லையடியில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்தில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். முன்பெல்லாம் என் சஹனில் ஒரு இடம் கடைசிவரை காலியாகவே இருக்கும். பிந்தி வந்தவன் வேறு வழியில்லாமல்தான் உட்காருவான். அன்று நான் உட்கார்ந்தவுடன் ஐந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

நான் மூன்று பிடி சோறும் விரல் நீளத்துக்கு இறைச்சியும் எடுத்தேன். நான்காவது பிடி தொண்டையில் நிற்கும் என்று தெரியும். என் முன்னால் இருந்த சோற்றை மற்றவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். கை கழுவும்போது மீன் லொறி ஓட்டுகிற, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஜவாத் என் தோளில் தட்டினார். "முந்தி உங்கட சஹன்ல இருந்தா எங்களுக்கு எலும்புதான் நானா, இப்ப ஊரே உங்களத்தான் தேடுது."

பாக்கியத்தின் சாக்கு

வெள்ளிக்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் வாடித் தராசில் ஏறுவேன். பெரிய சாக்குகள் நிறுக்கிற தட்டுத் தராசு. உடுத்திருக்கிற சாரத்துக்கும் சேட்டுக்கும் சேர்த்து ஐந்நூறு கிராம் கழித்துக் கொப்பியில் எழுதுவேன். தொண்ணூற்று மூன்று. அடுத்த வெள்ளி தொண்ணூற்று மூன்று. இப்படி ஒன்பது வெள்ளி.

ஒன்பதாவது வெள்ளி, தராசில்தான் பிழை என்று நினைத்துப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. திரும்பவும் வைத்தேன். உடப்பிலிருந்து கருவாடு கொண்டுவருகிற பாக்கியம் தன் சாக்கோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எது தேவை, எதற்காக என்று அவளுக்கும் தெரியும். "தராசு நல்லாத்தான் இருக்கு நானா, போன கிழமை என்ட சாக்குல ஒன்றரைக் கிலோ ஈரம் எண்டு கழிக்கக்குள்ள இதே தராச நம்பினீங்கதானே."

கொப்பி பார்த்த பிள்ளை

கொழும்பு கிளினிக்கில் சாப்பாட்டு விடயம் கதைக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். நான் கொப்பியைக் கொடுத்தேன். முட்டை எத்தனை, மீன் எத்தனை கிராம், பாண் ரொட்டி எத்தனை விரற்கடை, எல்லாம் அதில் இருந்தது. பிழை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த ஆப்பரேஷன் செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு கட்டத்தில் நிற்கும், உடம்பு குறைந்த சாப்பாட்டுக்குப் பழகிவிடும், பொறுமையாக இருந்தால் திரும்ப இறங்கும் என்றாள். நடக்கச் சொன்னாள். சின்னப் பாரம் தூக்கச் சொன்னாள். நாளைக்கு இரண்டு லீட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள்.

இரண்டு லீட்டர் தண்ணீர் இரண்டு கிலோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை அவளிடம் கேட்கவில்லை. திரும்ப எப்போது இறங்கும், அதுவரை என் மகள் தாங்குவாளா என்பதையும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். எழும்பும்போது அவள் கொப்பியை மூடித் தந்தாள். "எழுதுறது போதும் ஐயா, அந்த நேரத்துக்கு நடங்க."

நான்கு மணித்தியாலம்

கிழமைக்கு இரண்டு நாள் ரிஸ்னாவுக்கு டயலிசிஸ். அவளுக்குச் சிறுநீர் போவதில்லை. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், அதனால் நாளைக்கு அரை லீட்டர்தான் அனுமதி. மெசினில் போடுமுன் நிறுப்பார்கள், எடுத்த பிறகு நிறுப்பார்கள். அன்று போகும்போது ஐம்பத்து மூன்று, வரும்போது ஐம்பதரை.

அந்த இரண்டு இலக்கத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். போனது எல்லாம் தண்ணீர். பச்சை மீன், இரண்டு வெயிலில், இரண்டே நாளில், பாதி எடைக்கு வருவதும் தண்ணீர் போய்த்தான். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சிரித்தாள். "நாலு மணித்தியாலத்துல ரெண்டரக் கிலோ வாப்பா, ஒம்பது கிழமையா நீங்க என்ன செஞ்சீங்க?"

இரண்டு வெயில்

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மருந்து விழுங்க ஒரு மிடறு மட்டும். பகல் முழுக்க மீன் காயப்போடுகிற தட்டிகளுக்கு நடுவே நின்று, மற்றவர்களின் வேலையையும் வாங்கிச் செய்து, கட்டா மீன்களைப் புரட்டிப் போட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பாக்கியம் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். வாங்கி அவளுக்குத் தெரியாமல் மணலில் ஊற்றினேன்.

கிளினிக் தராசு எண்பத்தொன்பது தசம் ஏழு காட்டியது. நான் ஒன்றும் கழிக்கவில்லை, அவர்கள் எழுதியதே அதுதான். இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். மத்தியானம் பெரிய வைத்தியர் கடதாசியைப் பார்த்துச் சிங்களத்தில் நீளமாகக் கதைத்தார். தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. என் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று வந்திருந்தது. தண்ணீர் குடித்தால் திரும்பும் என்றார், ஆனால் உறுதியாகப் பார்க்க எல்லாப் பரிசோதனையும் மூன்று மாதம் கழித்து முதலிலிருந்து. பக்கத்தில் நின்ற தாதி சிலாபத்துப் பிள்ளை. சுருக்கமாகத் தமிழில் சொன்னாள். "நாங்க எடுக்கப்போறது உங்கட கிட்னியத்தான் ஐயா, அதையே காயவச்சுக் கொண்டுவந்திருக்கிறீங்க."

அரை லீட்டர்

மூன்று மாதம் என்றால் ரிஸ்னாவுக்கு இன்னும் இருபத்தாறு முறை ஊசி. அதில் ஒன்றில் ஏதும் நடந்தால், அதற்குக் காரணம் அந்த இரண்டு வெயில். அவளிடம் நானே போய்ச் சொன்னேன். செய்ததை ஒளிக்காமல், மணித்தியாலக் கணக்கோடு சொன்னேன். மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ரிஸ்னாவின் கட்டிலருகே அன்றைக்கான தண்ணீர் ஒரு போத்தலில் இருந்தது, நான் வரும்போது கால்வாசி மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்தாள், குடிக்கவில்லை. பிறகு மூலையில் இருந்த குடத்தைக் காட்டினாள். "எனக்குத்தான் குடிக்கேலா, எனக்கும் சேத்து நீங்க குடிங்க வாப்பா."

முள் இப்போது தொண்ணூற்றிரண்டரையில் நிற்கிறது. முப்பத்தொரு வருடம் ஊராருடைய ஈரத்தையெல்லாம் கழித்த கை, இன்று குடித்த ஒவ்வொரு கோப்பையையும் கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறது.